கொண்டாட்டத்தின் சுமை யார் தோளில்?

ஒவ்வோர் ஆண்டும் மே 15 நெருங்கும்போது, குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிகளும் அலுவலகங்களும் குடும்ப நல ஆலோசகர்களைத் தேடி வருகின்றன. அனைத்துலகக் குடும்ப நாளுக்கு ஏதேனும் ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும், யோசனை சொல்லுங்கள் என்பதே அவர்கள் கேட்பது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1993ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 1994 முதல் அந்த நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. யோசனை சொல்வதற்கு முன்னால் நான் அவர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடுவது வழக்கம்: அன்றைய வேலைகளை யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. விழா முடிந்த கையோடு ஆலோசனைக்கு வரும் தம்பதியரிடம் நான் அடிக்கடி கேட்கும் குறை, வீட்டில் எல்லாரும் மகிழ்ந்திருந்த நாளில் ஒருவர் மட்டும் உட்காரவே இல்லை என்பதாகும். அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார். அவரைக் களைப்படையச் செய்வது சமையலும் துப்புரவும் மட்டுமல்ல; யாரை அழைத்தோம், யாருக்கு மனத்தாங்கல் வரும், எந்தக் குழந்தைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று பல நாள்களாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கும் சேர்ந்துதான் அவரைச் சோர்வடையச் செய்கிறது. மற்றவர்கள் ‘நான் என்ன செய்ய வேண்டும், சொல்’ என்று வந்து நின்றால், ஏவும் வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது. ஆகவே பொறுப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்காமல் முழுதாகவே கைமாற்றிவிட வேண்டும். விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்பவர், அழைப்பு விடுப்பது தொடங்கி அவர்கள் வீடு திரும்பியதை விசாரிப்பது வரை தாமே பார்த்துக்கொள்ளட்டும். அவர் செய்யும் முறை நமக்கு ஒப்பாவிட்டாலும் குறுக்கிடாமல் இருப்பது கடினந்தான், ஆனால் குறுக்கிட்ட மறுகணமே பொறுப்பு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

கொண்டாட்டம் என்றவுடன் பெரிய ஏற்பாட்டையே நினைக்கிறோம். குடும்ப வழக்கங்களை ஆராய்ந்தவர்கள் சிறியவற்றையும் அதே அக்கறையோடு கவனித்திருக்கிறார்கள். ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் ஆகியோர் மதுப் பழக்கத்துக்கு ஆட்பட்ட பெற்றோர் இருந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது, குடியின் குழப்பத்துக்கு நடுவிலும் இரவு உணவு, விழா நாள்கள் போன்றவற்றைக் குலையாமல் காத்த வீடுகளின் பிள்ளைகளிடம் அந்தப் பழக்கம் தொடர்வது குறைவாக இருந்ததைக் கண்டனர். பார்பரா ஃபீஸும் உடனாய்வாளர்களும் 50 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட கட்டுரையும், வழக்கங்களுக்கும் குழந்தைகளின் நலத்துக்கும் தொடர்பு இருப்பதை எடுத்துரைத்தது. வாரத்தில் ஒரு வேளை கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுச் சேர்ந்து உண்பது, பிறந்தநாள் காணும் பிள்ளை அன்றைய பொழுதுபோக்கைத் தீர்மானிப்பது போன்றவற்றுக்குப் பணம் தேவையில்லை. தவறாமல் நடக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் போதும்.

எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும், குழந்தைகளுக்குத் தங்கள் குடும்பத்தின் கதை எவ்வளவு தெரியும் என்பதை அறிய 20 கேள்விகளை வகுத்தனர். பெற்றோர் எவ்வாறு சந்தித்தனர், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தனர் என்பன போன்றவை அவை. அதிகம் அறிந்திருந்த குழந்தைகளிடம் தன்மதிப்பும், வாழ்க்கை தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாகக் காணப்பட்டன. விடைகளை மனப்பாடம் செய்ய வைத்துப் பயனில்லை. சேர்ந்து உட்கார்ந்து பேசும் பொழுதுகளில்தான் அந்தக் கதைகள் கைமாறுகின்றன. கூடுகை நாளில் மூத்தவர்களைப் பேசச் சொல்லும்போது வெற்றிகளோடு தொழில் நொடித்த கதையையும், பிழைப்புக்காக ஊர் மாறிய கதையையும் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் அவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆனால், பள்ளிகள் ‘குடும்ப மரம்’ வரையச் சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். தத்துப் பிள்ளைகளும், பெற்றோரை இழந்த அல்லது பிரிந்த பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கக்கூடும். ‘உன்னைக் கவனித்துக்கொள்பவர்களை வரை’ என்றால் யாரும் விடுபட மாட்டார்கள்.

சமூக அளவில் நடக்கும் விழாக்களில் நான் காணும் பெரிய குறையும் இதுவே. அழைப்பிதழ் தம்பதியையும் குழந்தைகளையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. துணையை இழந்தவர், மணம் செய்யாதவர், குழந்தை இல்லாதவர், முதிய பெற்றோரைத் தனியாகப் பராமரிப்பவர் ஆகியோர் அதைப் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ‘சிறந்த குடும்பம்’ என்று பரிசு கொடுப்பதை அடியோடு கைவிடலாம். ஒரு வீட்டின் உள்நிலவரத்தை மேடையில் அளக்க எந்த நடுவராலும் முடியாது. மனைவியை அழைத்து ஒலிவாங்கியைக் கொடுத்துக் கணவரைப் புகழச் சொல்வதும் அப்படியே. வீட்டில் அடி வாங்குபவர் அந்த மேடையில் என்ன பேசுவார் என்று ஏற்பாட்டாளர்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். விளையாட்டுகளில் குடும்பத்துக்கு எதிராகக் குடும்பத்தை நிறுத்தாமல், வயதையும் வீட்டையும் கலந்து அணி பிரித்தால், தனியாக வந்தவருக்கும் இயல்பாக இடம் கிடைக்கும். இரைச்சலைத் தாங்காத குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அமைதியான ஓர் அறை, சக்கர நாற்காலி செல்லும் வழி, இரவுப்பணி பார்ப்பவர்களுக்கும் ஒத்துவரும் நேரம் ஆகியவற்றை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. குழந்தைகளின் படங்களைப் பொதுவெளியில் பகிர்வதற்கு முன் பெற்றோரிடமும், விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அப்பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

பதின்பருவத்தினரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தங்களைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12ஆம் பிரிவிலும், ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையை 31ஆம் பிரிவிலும் அளிக்கிறது. இசையையோ நிகழ்ச்சி நிரலையோ அவர்களிடம் ஒப்படைத்து, சற்று முன்னதாகக் கிளம்பவும் அனுமதித்தால் வருவார்கள். வற்புறுத்தி அழைத்து வரப்பட்ட பிள்ளை மூலையில் அமர்ந்திருப்பதில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை.

விழா முடிந்தபின் நடக்கும் மதிப்பீட்டுக் கூட்டத்தில் பொதுவாக வந்தவர்களிடமே கருத்துக் கேட்கப்படுகிறது. வராதவர்களிடமும் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். நேரம் ஒத்துவரவில்லை, செலவு தாங்கவில்லை, ஒரு குறிப்பிட்ட நபரை எதிர்கொள்ள விருப்பமில்லை என்பவையே நான் பெரிதும் கேட்ட காரணங்கள். முதல் இரண்டையும் அடுத்த விழாவுக்குள் குழுவால் சரிசெய்துவிட முடியும். மூன்றாவதைச் சொல்பவரைத் துருவிக் கேட்காமல், அவரே பேச முன்வந்தால் தனிமையில் கேட்பதற்கு ஒருவரை மட்டும் நியமித்துக்கொள்ளுங்கள்.