போர் தண்ணீரில் மீன் ஏன் வாய் பிளக்கிறது?

"போர் தண்ணீரில் குளோரின் கிடையாதே, அப்புறம் ஏன் தொட்டியில் தண்ணீர் மாற்றியதும் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். குளோரின் இல்லாததெல்லாம் சரிதான். ஆனால் மோட்டார் போட்ட உடனே வரும் தண்ணீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு ஏராளமாகவும் இருக்கும்.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிரிகளும் மூச்சுவிட்டுச் சேர்த்து வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டே போகிறது. மண்ணுக்குள் இருக்கும் காற்றில் அந்த வாயு வெளியில் இருப்பதைப்போல் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூட இருக்கும். ஆழத்தில் அது வெளியேற வழியில்லை, மூடிய சோடா பாட்டில் மாதிரிதான்.

இனி மீனுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதன் மேலுள்ள பிடியைத் தளர்த்திவிடும். 1904-இல் இதைச் சொன்னவர் டென்மார்க் விஞ்ஞானி கிறிஸ்டியன் போர் (Bohr), அணு மாதிரி தந்த நீல்ஸ் போரின் அப்பா. உழைக்கும் தசையில் அந்த வாயு அதிகம், அங்கே ஆக்சிஜன் இறங்கும். செவுளில் அது தண்ணீருக்குள் கழன்றுபோகும், அங்கே ஆக்சிஜன் ஏறும். அருமையான ஏற்பாடு! ஆனால் வெளித் தண்ணீரிலேயே கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருந்தால் செவுளில் அது எங்கே கழலும்? ஆக்சிஜனை ஏற்ற வேண்டிய இடத்திலேயே பிடி தளர்ந்து கிடக்கிறது. பல மீன்களில், கார்பன் டை ஆக்சைடு கூடி ரத்தம் அமிலமாகிவிட்டால் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ஹீமோகுளோபின் முழுசாக நிரம்பாது. இந்தக் குணத்தை வைத்துத்தான் அவை தங்கள் காற்றுப்பையில் ஆக்சிஜனை நிரப்பிக்கொள்கின்றன என்பது தனிக்கதை.

ஆகவே மீன் செத்தால், வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று ஆறுதல்பட வேண்டாம். வாஸ்து மீன் என்று காசைக் கொட்டுவதற்குப் பதில் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் ஒரு பி.எச். சோதனைக் கிட் வாங்கலாம் (பி.எச். குறைந்தால் அமிலம் அதிகம்).

தீர்வு சுலபம். தண்ணீரை வாளியில் பிடித்து ஏர் மோட்டார் போட்டு ஒரு நாள் விடுங்கள். வாயு வெளியேறியதும் பி.எச். ஏறும், கடினத் தண்ணீரில் 7-இலிருந்து 8 வரைகூடப் போகும். இங்கேதான் இன்னொரு வில்லங்கம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவில் பி.எச். 7-இல் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நஞ்சு வடிவில் இருக்கும், 8-இல் கிட்டத்தட்ட 5 சதவீதம். அதனால் போர் தண்ணீர்த் தொட்டியில் தீனி அளவோடு போடுங்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா குடியிருக்கும் ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் போட்டுக் கசக்காமல், தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதற்கு மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது. கப்பி, மோலிக்கு உப்புத் தண்ணீர் பிரச்சினையில்லை. ஆனால் உப்பு குறைந்த மென்னீரை விரும்பும் டிஸ்கஸ், நியான் டெட்ரா கேட்டு வீட்டில் யாராவது அடம்பிடித்தால், சென்னை கொளத்தூர் மீன் கடையில் அவற்றை எந்தத் தண்ணீரில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் காசு கொடுங்கள்.