காணி உறுதி உள்ளவரும் இல்லாதவரும்: இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் பற்றி ஒரு சட்டத்தரணியின் குறிப்பு

இலங்கையின் குடிசனத் தொகைமதிப்பு 1911 முதல் தமிழரை இரு வேறு இனங்களாகவே கணக்கெடுத்து வருகிறது. 2012 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 22.7 இலட்சம் பேர்; பிரித்தானியர் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களாய், இந்தியத் தமிழர் என்ற தலைப்பின் கீழ் எண்ணப்பட்ட மலையகத் தமிழர் ஏறத்தாழ 8.4 இலட்சம் பேர். கொழும்பில் இவ்விரு சமூகத்தாரும் ஒரே கோயிலுக்குப் போகிறார்கள், ஒரே பத்திரிகையை வாசிக்கிறார்கள், பல இடங்களில் ஒருவர் முதலாளியாகவும் மற்றவர் தொழிலாளியாகவும் ஒரே கடையில் நிற்கிறார்கள். புதுக்கடையில் சட்டத்தரணியாகவும், காணி உறுதி எழுதும் நொத்தாரிசாகவும் பணியாற்றும் எனக்கு இரு தரப்பினரும் கட்சிக்காரர்கள். அவர்கள் என் மேசையில் வைக்கும் ஆவணங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இவ்விரு சமூகங்களுக்கும் இடையிலுள்ள பொருளாதார இடைவெளிக்கு உழைப்பிலோ ஒழுக்கத்திலோ காரணம் தேடுவது தவறு. காணி, குடியுரிமை, பதிவு ஆகிய மூன்றும் ஒரு சமூகத்துக்கு முன்கூட்டியே கிடைத்தன. மற்றச் சமூகத்துக்கு அவை மறுக்கப்பட்டன, அல்லது மிகத் தாமதமாகக் கிடைத்தன.

யாழ்ப்பாணத்தை அடியாகக் கொண்ட ஒரு குடும்பம் கொழும்பு வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ தொடர்மாடி வீடு வாங்க வரும்போது, அநேகமாகப் பழைய காணி உறுதி ஒன்றும் கூடவே வருகிறது. வலிகாமத்திலோ வடமராட்சியிலோ உள்ள சில பரப்புக் காணி, பாட்டியாரின் சீதன உறுதியிலிருந்து தாயாருக்கும் அவரிடமிருந்து மகளுக்கும் இறங்கி வந்திருக்கும். 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், சீதனத்தையும் முதுசம் எனப்படும் பரம்பரைச் சொத்தையும் மணவாழ்வில் ஈட்டிய தேடிய தேட்டத்தையும் தனித்தனியாக வகுத்து வைத்திருப்பதால், சொத்து எவ்வாறு கைமாறியது என்பதை உறுதிகளின் வரிசையைக் கொண்டே என்னால் எழுதிவிட முடிகிறது. போரில் மூலப்பிரதி தொலைந்தாலும், காணிப் பதிவகத்திலோ உறுதியை எழுதிய நொத்தாரிசின் கோப்பிலோ பிரதியைத் தேடிப் பிடிக்கப் பல வேளைகளில் வழி இருக்கிறது. அந்தக் காணியை ஈடு வைத்துத்தான் ஒருவர் படித்தார், ஒருவர் வெளிநாடு போனார். அங்கிருந்து வந்த பணத்தில் கொழும்பு வீடு வாங்கப்பட்டது. அவர்களுடைய கடின உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அந்த உழைப்புக்குக் கீழே நிலம் இருந்தது.

மலையகத் தோட்டப் பகுதிகளான மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ வந்து கொழும்பு புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை பார்ப்பவர், மகளின் படிப்புக்காக வங்கிக் கடனுக்கு முயலும்போது ஈடு வைக்க அவரிடம் எதுவுமே இல்லை. அவருடைய பூட்டனார் காலத்திலிருந்து குடும்பம் லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டின் அதே அறையில் வாழ்ந்திருக்கலாம். பிறருக்குரிய தனியார் காணியில் பத்து ஆண்டுகள் இடையூறின்றியும் உரிமையாளருக்கு எதிராகவும் ஆட்சி செலுத்தியவர், 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்கு உரிமை கோரலாம். இந்த வழி தோட்டத்து மக்களுக்குத் திறக்கவில்லை. 1972 இலும் 1975 இலும் கொண்டுவரப்பட்ட காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அரச காணிக்கு எதிராகக் காலாவதி ஓடுவதில்லை. 1992 இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டபோதும் நிலம் அரசின் பெயரிலேயே இருந்தது. நிர்வாகத்தின் அனுமதியோடு குடியிருந்தவரின் வாசத்தைச் சட்டம் எதிரான ஆட்சியாகக் கொள்வதும் இல்லை. இதனால் நான்கு தலைமுறைகள் வாழ்ந்த இடத்தில் ஒரு பேர்ச்சஸ் (சிறு காணி அளவு) கூட அவர்களுடையதாகவில்லை. 2015 க்குப் பிறகு ஏழு பேர்ச்சஸ் காணியுடன் தனி வீடுகள் கட்டப்பட்டதும், இந்திய அரசின் உதவியுடன் வீடமைப்புத் திட்டங்கள் நடைபெறுவதும் நல்ல மாற்றங்களே. ஆயினும் வீடு கிடைத்தவர்களில் பலருக்கு உறுதி கைக்கு வந்து சேரவில்லை. வீட்டுச் சாவி மட்டும் கையில் இருப்பவருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிட, உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளுக்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல்தான் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்வியில் இந்த இடைவெளியின் வயது இருநூறு ஆண்டுகள். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி என்னும் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். மலையக மக்கள் தம் வருகையின் தொடக்கமாகக் கொண்டு, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்ததும் அதே 1823 ஆம் ஆண்டைத்தான். ஒரு தமிழ்ச் சமூகத்தின் பிள்ளைகள் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் படிக்கத் தொடங்கிய காலத்தில், மற்றத் தமிழ்ச் சமூகம் கோப்பித் தோட்டத்துக்குக் காடு வெட்டிக்கொண்டிருந்தது. வட்டுக்கோட்டையிலும் சாதியால் ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை என்பதை மறைக்க முடியாது. என்றாலும் அரச சேவையிலும் மருத்துவத்திலும் சட்டத்திலும் வட இலங்கைத் தமிழர் பெற்ற இடத்துக்கு அப்பள்ளிக்கூடங்களே அடித்தளம். 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல்தான். அதுவரை ஒரே ஆசிரியர் ஒரே கொட்டகையில் ஐந்து வகுப்புகளை நடத்தியதை, இன்று கொழும்பில் கணக்காளராகவும் ஆசிரியராகவும் இருக்கும் மலையகத்தார் பலர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பார்கள்.

குடியுரிமை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், தொடர்ந்து 1949 இல் வந்த தேர்தல் திருத்தமும் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. 1947 தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்ற, மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1952 இல் ஓர் ஆசனத்தையேனும் பெற முடியவில்லை. இந்தப் பிரச்சினையில் இலங்கைத் தமிழரின் கட்சியான தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்துதான் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதற்கு விட்டுவைத்தது. நாடற்ற நிலையை முடித்துவைக்கும் சட்டங்கள் 1988 இலும் 2003 இலும் வந்தன. கொழும்பில் இன்று வேலை தேடும் மலையக இளைஞர் பலரின் பாட்டனாருக்கு அடையாள அட்டையோ வாக்கோ இருந்திருக்கவில்லை என்பது இதன் நேரடிப் பொருள்.

அந்த வரலாறு இன்றும் என் மேசைக்கு வருவது பெயர்ப் பிழைகளின் வடிவத்தில். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயரின் வேறு எழுத்து, ஓய்வுக்காலத்துக்கென ஊழியரும் முதலாளியும் பணம் சேர்க்கும் தோட்டத்து ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர். தகப்பனின் பெயர் மூன்று இடத்திலும் மூன்று விதமாக இருக்கும். சேமலாப நிதியைப் பெறவோ கடவுச்சீட்டு எடுக்கவோ இறந்த கணவரின் பணத்தைக் கோரவோ வரும்போது, இவை அனைத்தும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. சில வேளை அதுவும் ஏற்கப்படாமல், திருத்தத்துக்காகப் பிறந்த ஊரின் பிரதேச செயலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளத்தை விழுங்குகிறது.

புள்ளிவிவரங்களைக் கவனமாகவே கையாள வேண்டும். 2019 ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின அளவீட்டில் நாட்டின் வறுமை 14.3 சதவீதமாகவும், நகரத் துறையில் 6 சதவீதமாகவும், தோட்டத் துறையில் 33.8 சதவீதமாகவும் பதிவானது. 2016 ஆம் ஆண்டின் சுகாதார அளவீட்டில் வயதுக்கேற்ற உயரமற்ற சிறுவர் நாடு முழுவதும் 17.3 சதவீதம்; தோட்டத் துறையில் 31.7 சதவீதம். இவற்றைப் பார்த்து இலங்கைத் தமிழர் எல்லோரும் வசதியானவர்கள் என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. அதே 2019 அளவீட்டில் நாட்டிலேயே வறுமை மிகுந்த மாவட்டம் 44.5 சதவீதத்துடன் முல்லைத்தீவு. மிகக் குறைந்தது 2.3 சதவீதத்துடன் கொழும்பு. போர் நிலத்தையும் தொழிலையும் தின்ற, முல்லைத்தீவு உள்ளிட்ட வன்னிப் பகுதியின் குடும்பத்தை வெள்ளவத்தைக் குடும்பத்தோடு ஒரே தலைப்பில் கூட்டிச் சராசரி எடுத்தால் இருவரைப் பற்றியும் உண்மை தெரியாது. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குத் தப்பி வன்னிக்குச் சென்று குடியேறிய மலையகத்தார் பலர் இலங்கைத் தமிழராகவே பதிவாகிவிட்டார்கள். கொழும்பிலும் அவ்வாறு பதிந்தவர் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியே வாழும் மலையகத்தார் தோட்டத் துறைக் கணக்கில் வருவதும் இல்லை. கொழும்பு மாவட்டத்தின் 2.3 சதவீதமும் கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் முகத்துவாரத்திலும் வத்தை எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் இரு சமூகத்து ஏழைகளையும் மறைத்துவிடுகிறது.

கொழும்பில் நம்மால் மாற்றக்கூடியது நம் கடைகளிலேயே இருக்கிறது. தோட்டத்தில் குறைந்தபட்ச நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை மட்டுமே, போடப்படும். அதனால்தான் பிள்ளைகள் பழைய சோனகர் தெருவுக்கும் குறுக்குத் தெருக்களுக்கும் செட்டியார் தெருவுக்கும் வருகிறார்கள். முதலாளிகளில் தமிழர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, சிங்களவர் உண்டு. நான் அதிகமாகக் கேட்கும் பதில், "அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, நியமனக் கடிதம் எல்லாம் எதற்கு?" என்பது. சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார் என்பதில் எனக்குப் பெரும்பாலும் சந்தேகமில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கடை கைமாறும்போதோ, முதலாளி இறந்து அவருடைய பிள்ளைகள் பொறுப்பேற்கும்போதோ, அந்த அன்புக்கு எழுத்தில் எந்தச் சான்றும் இருப்பதில்லை.

1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று வரையறுத்து, அதற்கு மேற்பட்ட வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவையும் ஆண்டுக்குப் பதினான்கு நாள் வருடாந்த விடுமுறையையும் தருகிறது. சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் செலுத்த வேண்டும். இது வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது, 'பழகட்டும், பார்ப்போம்' என்று ஆறு மாதம் தள்ளிப்போட இடமில்லை. பலர் அறியாத ஒன்று: முதலாளி தரும் உணவின் பெறுமதியும் சேமலாப நிதிக்கான சம்பாத்தியத்தில் சேரும். தங்கிச் சாப்பிட்டு வேலை செய்யும் பையனுக்குக் கையில் கொடுக்கும் பணத்துக்கு மட்டும், அதிலும் ஒரு பகுதியை மட்டும் காட்டிப் பங்களிப்புச் செய்வது சட்டத்துக்கு முரணானது. ஓராண்டுக்கு மேல் தாமதித்த நிலுவைக்கு 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம் விதிக்கப்படும் என்பதைத் தொழில் திணைக்களத்தின் கடிதம் வந்த பிறகே பல முதலாளிகள் அறிகிறார்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உரியது.

வீட்டு வேலை செய்யும் பெண்களின் நிலை இதைவிடக் கடினமானது. தனியார் வீட்டுப் பணியாளரைச் சேமலாப நிதியும் பணிக்கொடைச் சட்டமும் உள்ளடக்குவதில்லை. இளமையில் தரகர் ஒருவர் அழைத்துவந்து விட்ட வீட்டில் முதுமை வரை உழைத்து, கையில் ஒன்றுமின்றி லயனுக்குத் திரும்பும் பெண்களை நான் பார்த்து வருகிறேன். அவர்கள் பால் கொடுக்காத குறையாக வளர்த்த பிள்ளைகள் இன்று பொறியியலாளர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள். சட்டம் சொல்லவில்லை என்பதால் செய்யக்கூடாது என்பதில்லை. சம்பளம், ஓய்வு நாள், ஊருக்குப் போகும் விடுமுறை ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடலாம். சம்பளத்தைத் தரகரிடமோ தகப்பனிடமோ கொடுக்காமல் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே வைப்பிலிடலாம். கூடவே மாதந்தோறும் ஒரு தொகையை அவருடைய முதுமைக்கென ஒதுக்கலாம். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது 2021 முதல் குற்றம். பதினாறு வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். 'வீட்டில் கஷ்டம், சாப்பாடாவது கிடைக்கும்' என்று யார் சொன்னாலும் அந்தப் பிள்ளையை ஏற்காதீர்கள்.

கொழும்பில் வேலை செய்யும் மலையகத் தம்பி தங்கையருக்குச் சொல்ல வேண்டியவையும் உண்டு. பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதி ஆகியவற்றில் பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்பதை வேலையில் சேர்ந்த ஆண்டிலேயே பாருங்கள். பெற்றோரின் தோட்டக் கணக்கையும் அவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்பே சரிபார்த்துக்கொடுங்கள். சம்பளச் சிட்டை கேளுங்கள். தராவிட்டால் வேலை செய்த நாட்களையும் பெற்ற பணத்தையும் ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதிவாருங்கள், வழக்கில் அதற்கும் மதிப்பு உண்டு. சேமலாப நிதி கட்டப்படவில்லை என்றால் நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்திலோ மாவட்டத் தொழில் அலுவலகத்திலோ முறைப்பாடு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. வேலையிலிருந்து நியாயமின்றி நிறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி திரும்பக் கூப்பிடுவார் என்று ஊரில் காத்திருந்து ஏழாம் எட்டாம் மாதத்தில் வருபவர்களைத் திருப்பி அனுப்ப நேர்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதால் காத்திருக்க வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, நுவரெலியா, பதுளை போன்ற மலையக மாவட்டங்களிலும் அதன் நிலையங்கள் உண்டு. போகும்போது அடையாள அட்டையையும், வேலையில் சேர்ந்த திகதிக்கும் நிறுத்தப்பட்ட திகதிக்கும் சான்றாகக் கைத்தொலைபேசியில் உள்ள குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் கொண்டுபோங்கள்.