சுருங்கிய பட்டாணிக்குள் என்ன நடக்கிறது?

காய்ந்த பட்டாணியில் சில ரகங்கள் வழவழவென்று உருண்டையாக இருக்கும். சில ரகங்கள் தோல் சுருங்கி, மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். இன்றைய செக் நாட்டின் பிரனோ நகர மடாலயத் தோட்டத்தில் துறவி கிரிகோர் மெண்டல் இவ்விரண்டையும் கலந்தபோது கிடைத்த விதைகள் அத்தனையும் உருண்டை. சுருக்கம் தொலைந்தேபோனது போலிருந்தது. அந்த விதைகளை முளைக்கவைத்து, தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டார். அந்தச் செடிகளில் காய்த்ததை உரித்தால், ஒரே காய்க்குள் உருண்டையும் சுருங்கியதும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. எண்ணிக்கை: உருண்டை 5474, சுருங்கியது 1850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

கணக்கு எளிது. ஒவ்வொரு மரபணுவும் செடியில் இரண்டு பிரதியாக இருக்கிறது; ஒன்று மகரந்தம் வழியாக வந்தது, மற்றது சூல்முட்டை வழியாக வந்தது. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களே அல்லீல்கள். உருண்டைக்கு 'உ', சுருக்கத்துக்கு 'சு' என்று வைத்துக்கொள்வோம். உ-சு செடி தன்னோடு சேர்ந்தால் உஉ, உசு, சுஉ, சுசு என்று நான்கு வாய்ப்பு. கடைசி ஒன்றில்தான் சுருக்கம் வெளியே தெரியும்.

சரி, 'உ' எப்படி ஓங்குகிறது? வெளியே தெரியும் அல்லீலை ஓங்கு என்றும், மறைந்திருப்பதை ஒடுங்கு என்றும் சொல்வார்கள். இந்தச் சொற்களைக் கேட்டால் ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடுவதாகத் தோன்றும். அப்படி எந்தச் சண்டையும் நடப்பதில்லை. 'உ' அல்லீல் ஒரு நொதியை உருவாக்குகிறது. சர்க்கரை மாவுச்சத்தாக மாறும்போது அதில் கிளைகள் விடச் செய்வது அந்த நொதிதான். 'சு' அல்லீலுக்குள் சுமார் 800 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று செருகிக்கொண்டிருப்பது 1990இல் தெரியவந்தது. அதனால் வேலை செய்யும் நொதி உருவாவதில்லை. இரண்டுமே 'சு' என்றால் சர்க்கரையில் ஒரு பகுதி மாவுச்சத்தாக மாறாமல் தேங்குகிறது. அது தண்ணீரை இழுக்க, பிஞ்சு விதை உப்புகிறது. அப்புறம் காயும்போது அவ்வளவு நீரும் வெளியேற, தோல் தளர்ந்து சுருங்குகிறது. சுருங்கும் ரகத்தின் பச்சைப் பட்டாணி கூடுதலாக இனிப்பதும் இதனால்தான்.

உசு விதையில் ஒரு நல்ல பிரதி இருக்கிறது. உருண்டையாக நிற்க அது போதும்.

எல்லாப் பண்புக்கும் ஒரு பிரதி போதும் என்று சொல்ல முடியாது. சிவப்பு அந்திமந்தாரையை வெள்ளையோடு கலந்தால் இளஞ்சிவப்புப் பூ பூக்கும். ஒரு பிரதி தரும் நிறமி முழுச் சிவப்புக்குப் பற்றவில்லை.

பட்டாணியிலும் உற்றுப் பார்த்தால் இதே கதைதான், எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுவே. உசு விதையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் அதன் மாவுச்சத்து மணிகள் உஉ போலவும் இல்லை, சுசு போலவும் இல்லை. இரண்டுக்கும் நடுவாந்தரமாக இருக்கின்றன. தோலில் தெரியாத 'சு' அங்கே தெரிகிறது.