கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை: அரிவாள் அணுவும் இயற்கைத் தேர்வும்

ஆனைகட்டியைத் தாண்டி கேரளத்தின் அட்டப்பாடிக்குள் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு சிக்கிள் செல், அதாவது அரிவாள் அணு ரத்தசோகை, நன்றாகப் பழகிய நோய். இங்குள்ள பழங்குடிக் குடும்பங்களில் அது தலைமுறைகளாக இருக்கிறது. "எங்க ரத்தத்துல மட்டும் ஏன் டாக்டரம்மா இந்தச் சீக்கு?" என்று தாய்மார்கள் கேட்கும்போது மனசு கனக்கும். ஆனால் "பலவீனமான சனம், இயற்கையே கழித்துவிடும்" என்று படித்தவர்கள் பேசும்போது கோபம்தான் வருகிறது. அதற்கு டார்வினை வேறு சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

'தகுதியுள்ளது பிழைக்கும்' என்று 1864இல் எழுதியவர் ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் 1869இல்தான் அதைத் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் சேர்த்தார், அதுவும் சூழலுக்குப் பொருந்துவது என்ற பொருளில். ஒரு மரபணு உள்ளவர்கள் ஒரு சூழலில் மற்றவர்களைவிடச் சராசரியாக எத்தனை வாரிசுகளை விட்டுச்செல்கிறார்கள் என்ற கணக்குதான் உயிரியல் சொல்லும் தகுதி. உடல் பலமோ மனித மதிப்போ அதில் இல்லை. சூழல் மாறினால் கணக்கும் மாறும்.

சிக்கிள் செல்லையே பாருங்கள். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. அதனால் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற வேறொன்று வந்து உட்காருகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இது வந்தால் நோய்: 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு அரிவாள்போல் வளைந்து 10, 20 நாளில் அழிகிறது, ரத்தக்குழாய் அடைத்து எலும்பெல்லாம் வலிக்கிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கேரியர். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. அதோடு, ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா அவரை எளிதில் சாய்க்காது. மலேரியாக் காட்டில் இந்த மரபணுவே இல்லாத பிள்ளைகள் பலர் காய்ச்சலில் போனார்கள், இரண்டும் உள்ளவர்கள் ரத்தசோகையில் போனார்கள், ஒன்று மட்டும் உள்ளவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1954இல் ஆய்வாளர் ஆந்தனி ஆலிசன் இதை எடுத்துக்காட்டினார். அதற்கு இரண்டு வருடம் முன்பே நம் நீலகிரி மலைமக்களிடம் இந்த அணு கண்டறியப்பட்டிருந்தது.

ஆக, அந்தக் காட்டில் குழந்தைகளைக் காப்பாற்றிய ரத்தம் இது. இப்போது மலேரியா ஒடுங்கிவிட்டது. லாபம் போய் நஷ்டம் மட்டும் நிற்கிறது, அவ்வளவுதான்.

கேரியர் என்று தெரிந்ததும் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இருவரும் கேரியராக இருந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத அபாயம். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது" என்ற நம்பிக்கையும் தப்பு, ஒவ்வொரு முறையும் அதே 25தான். அப்புறம், கேரியரின் துணைக்கு விரல் நுனி ரத்தத்தில் செய்யும் முதல்நிலைச் சோதனை மட்டும் போதாது. துணை பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் இன்னொரு பரம்பரை நோய்) கேரியராக இருந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம், அது அந்தச் சோதனையில் தெரியாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் அல்லது ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.