பட்டப்பகலில் எடுக்கும் நிலவொளி

அமெரிக்க வெஸ்டர்ன் தொடர்களை விரும்பிப் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கதை நடப்பது 1880களில். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி நிலா வெளிச்சத்தில் தெரிகிறதே, லைட்டை எங்கே வைத்திருப்பார்கள்?”

பல நேரம் எங்கேயும் வைப்பதில்லை. கிரேனில் தூக்கிய விளக்கு ஒரு தெருவுக்குப் போதும், பள்ளத்தாக்குக்குப் போதாது. நிஜ நிலவை நம்பலாமென்றால், சூரியன் முழுநிலவைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. அதனால் வெயிலில் எடுத்து இரவாக்கிவிடுகிறார்கள். நிலவொளியும் நிலாவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதானே! வெயிலை நடிகர்களின் முதுகுப் பக்கம் வைத்து, படத்தை இருட்டாக்கி, கொஞ்சம் நீலம் ஏற்றினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் தலைவலி. எவ்வளவு இருட்டாக்கினாலும் பகல் வானம் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வருகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். குட்டை அலைநீள ஒளியைக் காற்று அதிகம் சிதறடிப்பதால் வானம் நீலம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தச் சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 450 நானோமீட்டர் நீலத்திலிருந்து 850 நானோமீட்டர் அகச்சிவப்புக்குப் போனால் அலைநீளம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. சிதறலோ 12 மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது! அகச்சிவப்பை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு உச்சிவெயில் வானமே கிட்டத்தட்டக் கறுப்பு. மேகத்தின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா அலைநீளத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பவை. அதனால் மேகம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும்.

1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்துத்தான் இந்த ஒளியைக் கண்டுபிடித்தார். என்ன பயன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் ஆய்வுக்கு நிதி என்கிற முறையை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அகச்சிவப்பிலேயே எடுத்துவிடலாமா? நிறம் வராது. தோலுக்குள் கொஞ்சம் புகுந்து திரும்புவதால் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறும், இலைகளும் வெளுக்கும். கலிஃபோர்னியக் குதிரைப் பண்ணையில் நடக்கும் ‘நோப்’ (2022) படத்தில் ஒளிப்பதிவாளர் ஹொய்ட்டே வான் ஹொய்ட்டெமா இரண்டு கேமராக்களை ஒரே சட்டத்தில் பூட்டினார். ஒன்றில் 65 மி.மீ. வண்ண பிலிம், மற்றொன்று அகச்சிவப்பு மட்டும் பார்க்கும் டிஜிட்டல் கேமரா. நடுவே ஒரு கண்ணாடி ஒளியைப் பிரித்து இரண்டுக்கும் அனுப்பும். இரண்டும் ஒரே கோணத்தில் ஒரே காட்சியைப் பார்க்கும். இருண்ட வானத்தை ஒன்றிலிருந்தும் நிறத்தை மற்றொன்றிலிருந்தும் எடுத்துப் பின்னர் இணைத்தார்கள். மயிரிழை பிசகினாலும் குதிரையின் பிடரி ஓரத்தில் இரட்டைக் கோடு தெரியும்.

ஒன்றுக்கு மட்டும் இந்த வித்தை உதவாது. வெயிலில் எரியும் தீயின் வெளிச்சம் முகத்தில் தெரியாது. வண்டிகளை நிறுத்திவிட்டு நெருப்பைச் சுற்றி உட்காரும் காட்சிகளுக்கு நிஜ இரவோ, வெயில் நுழையாத அரங்கமோ வேண்டும்.