டீச்சர் சொன்னால் அடிக்கலாமா?

பாலர் பள்ளியில் ஒரு பையன் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுகிறான். இன்னொருவன் கதை நேரத்தில் தன் இடத்தில் உட்காராமல் சுற்றுகிறான். டீச்சர் இரண்டு பேரையும்தான் அதட்டுவார். ஆனால் குழந்தைகளுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தப்பு இல்லை.

"எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டால்?" என்று கேட்டால், "அப்போ சரி" என்பார்கள். "அடிக்கலாம் என்று டீச்சரே சொல்லிவிட்டால்?" "கூடாது, வலிக்கும்."

இப்படிக் கேட்பதை ஓர் ஆய்வு முறையாக வளர்த்தவர் அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியல். இன்னொரு உளவியலாளர் ஜூடித் ஸ்மெட்டானா 1981இல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடமே இந்த வேறுபாட்டைக் கண்டார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1932இல், சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே வேறு மாதிரி எழுதியிருந்தார். சுவிட்சர்லாந்தில் கோலி விளையாடும் சிறுவர்களைக் கவனித்த அவர், சின்ன வயதில் பெரியவர் சொல்லே நீதி என்றும், சமவயதினரோடு விளையாடி, விதிகளைப் பேசித் தீர்த்துப் பழகிய பிறகுதான் சுயமான அறவுணர்வு வருகிறது என்றும் நினைத்தார். விளையாட்டைப் பற்றி அவர் சொன்னது எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. குழந்தைகளை மட்டும் அவர் குறைத்து எடைபோட்டுவிட்டார்.

சரி, இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? டூரியலும் அவருடைய சக ஆய்வாளர் லாரி நூச்சியும் பாலர் பள்ளிகளிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவன் இடம் மாறி உட்கார்ந்தால் மற்றக் குழந்தைகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, கண்டிப்பது டீச்சர்தான். கிள்ளினாலோ, கிள்ளுபட்டவளே அழுவாள், கையைத் தட்டிவிடுவாள். அது தப்பு என்று புரிய யாரும் விதி சொல்லித்தர வேண்டியதில்லை. அழுகிற முகம் எதிரிலேயே இருக்கிறது. தனக்கு வலித்த நினைவும் கூடவே இருக்கிறது.

நூச்சி பிறகு அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவச் சமூகப் பிள்ளைகளிடம் கேள்வியைக் கடவுள் வரைக்கும் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று கடவுள் விதிக்காமல் இருந்திருந்தால்? செய்யலாம் என்றார்கள். அடிக்கக் கூடாது என்று கடவுள் விதிக்காமல் இருந்திருந்தால்? அப்போதும் தப்புதான் என்றார்கள் பெரும்பாலோர். அவ்வளவு பக்தியான வீட்டுப் பிள்ளைகள் இப்படிச் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆனால் மானுடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடரும் சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட புவனேஸ்வர் ஆய்வு இதை எதிர்த்தது. தந்தை இறந்த மறுநாளே மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிடுவதை, மிகக் கொடிய தப்புகளில் ஒன்றாக அங்கே மக்கள் கருதினார்கள். கைம்பெண் மீன் சாப்பிடுவதும் பெருந்தப்புதான். இவற்றை ஊர் வழக்கம் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. அப்படியானால் அறத்துக்கும் வழக்கத்துக்கும் இடையே கோடு எங்கும் ஒன்றல்ல என்றார் ஷ்வேடர்.

டூரியல் தரப்பு பதில் சொன்னது: அவர்களும் யாருக்கு வலிக்கும் என்றுதான் பார்க்கிறார்கள், இறந்தவரின் ஆன்மா துன்பப்படும் என்று நம்புகிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும், செத்துப்போன கணவரின் வலியைக் கணக்கில் எடுத்தவர்கள், இலையில் மீன் இல்லாமல் எத்தனையோ வருடம் உட்கார்ந்திருந்தவளின் வலியை ஏன் எடுக்கவில்லை?