பக்கப் பலகை வெடிப்பது மரத்தின் குற்றமா?

சோளகம் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் பட்டறைக்கு வெடித்த அலுமாரிகள் வர ஆரம்பிக்கும். "தம்பி, நடுச்சாமத்தில் படீரென்று ஒரு சத்தம். விடியப் பார்த்தால் பக்கப் பலகை மேலிருந்து கீழாகப் பிளந்து கிடக்குது" என்றார் கிளிநொச்சி அக்கா ஒருவர். அந்த அலுமாரியைத் தை மாதத்தில் செய்து கொடுத்தவன் நான்தான். நல்ல முதிரை. பிழை மரத்தில் இல்லை. தலைப்பகுதிப் பீடிங்கை, அதாவது விளிம்பில் பூட்டும் அலங்காரச் சட்டத்தை, முழு நீளத்துக்கும் கம் பூசி ஒட்டியதுதான் பிழை.

மரம் நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம். அகலத்தில்தான் அசையும். மாரியில் ஈரம் குடித்து விரியும், ஆடிக் காற்றில் சுருங்கும். 18 அங்குலப் பலகை ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுருங்குவது சாதாரணம். பக்கப் பலகையின் ரேகை, அதாவது மர நார் ஓடும் திசை, நிமிர்ந்து ஓடுகிறது, அதன்மேல் பூட்டும் பீடிங்கின் ரேகையோ குறுக்கே. பலகை சுருங்கப் பார்க்கும், பீடிங் விடாது. அப்புறம் பலகை பிளக்கத்தான் செய்யும்.

முன்பக்கப் பீடிங்குக்கு முழுவதும் கம் பூசலாம். பக்கத்துக்கு, முன் மூலையிலிருந்து 3 அங்குலம் மட்டும் போதும். 45 பாகையில் வெட்டிய மூலை பிரியாமல் நிற்க அது வேண்டும். அதே பக்கப் பீடிங்கின் பின்முனையில், உள்ளிருந்து ஒரு திருகாணி. பலகையில் அதற்கான துளையை முன்பின்னாக நீட்டி வெட்டி, வாசர் போட்டு முடுக்குங்கள். பலகை அசைய இடம் கிடைக்கும்.

பூச்சிலும் அவசரம் வேண்டாம். பூட்டிய பிறகு தேய்த்தால் நெளிவுக்குள் சாண்ட் பேப்பர் சரியாகப் போகாது. பிதுங்கிய கம்மை ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டது போலத்தான் தெரியும். நிறம் பூசும்போது அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். ஆகவே பீடிங் நீளமாக இருக்கும்போதே தேய்த்து, நிறமும், மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலரும் பூசிக் காயவிட்டு, பிறகு வெட்டுங்கள். சீலர் ஏறிய மரத்தில் கம் சரியாகப் பிடிக்காது, ஒட்டும் இடத்தை முன்னரே டேப்பால் மூடிவிடுங்கள். கடைசிப் பூச்சு பூட்டிய பிறகு. கார்த்திகை மழைநாளில் லேக்கர் என்ற மெருகுப் பூச்சை அடித்தால் வெண்படலம் படரும்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பைத் தரும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே வேண்டாம், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

அக்காவின் அலுமாரியில் பீடிங்கைக் கழற்றி, பிளவில் முதிரைச் சீவல் இறக்கி, பக்கங்களை இந்த முறையில் மறுபடி பூட்டிக் கொடுத்தேன். இரண்டு சோளகம் கடந்துவிட்டது. மூலை இன்னும் பிரியவில்லை.